நாற்பத்துமூன்று பக்கெட் பேசில்

நாற்பத்திரண்டாயிரம் கடன். கொடுத்தவன் கூடப் பிறந்த தம்பி, வாங்கியவள் அக்கா. பித்தப்பையில் கல் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கத்தி வைத்து, தையல் பிரித்து வெளியே கொண்டுவந்த செலவு அது. அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கவில்லை. மயக்கத்தில் கிடந்தாள். மயக்கத்தில் வாங்கிய கடனையும் தெளிந்துதான் கட்ட வேண்டும். அதற்கென்று தனிச் சட்டம் யாரும் போட்டு வைக்கவில்லை.

தம்பிக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல், அலமாரி, மீன் தொட்டி எதுவானாலும் அளந்து அறுத்துக் கொடுப்பான். பாக்கிக் கணக்கை அவன் நோட்டில் எழுதுகிறவன் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று வெள்ளைப் பென்சிலால் வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கும்படி எழுதிவிடுவான். வெட்கப்பட்டாவது கொண்டுவந்து கொட்டுவார்கள் என்பது அவன் சூட்சுமம். அதில் முதல் வரி, "அக்கா 42,000".

அக்காவைத் தெருவில் கத்திரி என்பார்கள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பிசிர் வெட்டினவள். தைத்து வருகிற சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டி எடுக்கிற வேலை. நாளைக்கு அறுநூறு சட்டை. துணியில் சின்னக் கீறல் விழுந்தாலும் சட்டை விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் சம்பளத்தில் பிடித்தது மூன்றே மூன்று சட்டை விலை. படித்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் எத்தனை கணக்கைத் தப்பாகப் போட்டான் என்று கேட்டால் விரல் பத்தாது. அவள் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். சின்னக் கத்திரிக்கோல் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். நாக்கும் அதே ரகம்தான். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். இருந்தான் என்பதோடு சரி.

ஆபரேஷனுக்குப் பிறகு பத்து மணி நேரம் குனிந்து உட்கார முடியாது என்று ஆனதும், கம்பெனி அவளை ஒரே நாளில் கணக்குத் தீர்த்து அனுப்பியது. தம்பி வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் தகரம் வேய்ந்த ஓர் அறை இருந்தது. அங்கே பாயைப் போட்டாள்.

"வட்டியெல்லாம் வேண்டாம்க்கா. நீ என்ன வேத்தாளா?" என்றான் தம்பி. "வீட்டு வேலைய மட்டும் பாத்துக்க. கடன் தீர்ற வரைக்கும்."

மறுநாளே சமையலுக்கு வந்துகொண்டிருந்த அம்மாளை நிறுத்திவிட்டான். அதற்கடுத்த வாரம் துணி துவைக்கிறவளும் நின்றுபோனாள். அந்த இரண்டு பேருக்கும் கொடுத்த சம்பளத்தை மாதாமாதம் கழித்திருந்தால் ஒரு வருஷத்தில் கடன் அடைந்திருக்கும். கத்திரிக்கு அது தெரியாமலில்லை. ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டைப் பார்க்கிற வீட்டில் வாயைத் திறந்து பயனில்லை. பணமாகக் கொண்டுவந்து வைத்தால்தான் அந்த வாசலைத் தாண்ட முடியும். ராத்திரி பகல் அவளுக்கு அந்த ஒரே நினைப்பு.

ஒரு நாள் பெரிய ஓட்டலுக்குப் பாக்கி வசூலிக்க அவளைத் தம்பி அனுப்பினான். பொம்பளை போய் உட்கார்ந்தால் கொடுத்துவிடுவார்கள் என்று யோசனை. பின்கட்டில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அங்கேதான் சமையல் மாஸ்டர் ஒரு கூடை தண்டுகளைக் குப்பையில் கொட்டினார். பார்த்தால் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருந்தது. இலை மட்டும் பெரிசு, மொழுமொழுவென்று. திருநீற்றுப்பச்சிலை என்றால் சிலருக்குப் புரியும். மாஸ்டருக்கு அது பேசில்.

"இது என்ன விலைங்க?"

"கிலோ அறுநூறு. அதுவும் ஐஸ் பெட்டியில வெளியூர்லேர்ந்து வருது. குளிர் பட்டா இந்த இலைக்கு ஆகாது. பாதி கருகிப்போய் வந்து சேருது, காசு மட்டும் முழுசா வாங்குறானுங்க."

"இந்தத் தழைக்கா அறுநூறு?"

"நல்ல இலையா எவனாவது குடுக்கட்டும், சொன்ன விலை தரேன்."

அன்று பாக்கிப் பணம் கிடைக்கவில்லை. குப்பையிலிருந்து நாலு தண்டு கிடைத்தது. கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஒரு பாட்டில் தண்ணீரில் நிறுத்தினாள். மூன்று அழுகின. ஒன்று எட்டாம் நாள் வெள்ளைவெள்ளையாக வேர் விட்டது. பழைய பெயிண்ட் பக்கெட்டின் அடியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, டீக்கடைச் சக்கையும் காய்கறித் தோலும் மக்கவைத்த மண்ணில் நட்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினாள். ஒன்று இரண்டாகக் கிளைத்தது. இரண்டையும் கிள்ளினாள், நாலாயிற்று. நாலை எட்டாக்கினாள். பூ மொட்டு வைத்தால் இலை கசக்கும் என்பதைத் தின்று பார்த்துக் கண்டுபிடித்தாள். அதனால் மொட்டுத் தலை காட்டினதும் வெட்டு. தலை மேல் தண்ணீர் தெளித்தால் இலையில் புள்ளி விழுகிறதென்று கண்டு, வேரில் மட்டும், அதுவும் காலையில் மட்டும் ஊற்றினாள். உச்சி வெயிலுக்குப் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினாள். வெட்டும்போது ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். அடித்தண்டு வரைக்கும் மொட்டையடித்தால் செடி செத்தது செத்ததுதான். வெட்டினதைக் கழுவக் கூடாது, குளிரில் வைக்கக் கூடாது, பூங்கொத்து மாதிரி தண்ணீரில் நிறுத்தி அப்படியே ஓட்டலுக்குக் கொண்டுபோக வேண்டும். நூல் பிசிர் வெட்டின கைக்கு இதெல்லாம் பாடமே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு தண்டு நாற்பத்துமூன்று பக்கெட் ஆயிற்று. பட்டம் வாங்கின தோட்டக்காரன் ஒருத்தன் இதைச் செய்து காட்டட்டும், பார்க்கலாம்.

மாஸ்டர் நேர்மையான ஆள். எடை போட்டுக் கையோடு காசு கொடுப்பார். கத்திரி அதை அப்படியே தம்பியிடம் கொடுத்தாள். கண்ணாடியில் நாற்பத்திரண்டு நாற்பதாயிற்று. முப்பத்தைந்தானது. முதல் வருஷ முடிவில் இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது. அன்றைக்கு அவள் படியேறும்போது கால் தரையில் படவில்லை.

அடுத்த மாதம் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தாள். 36,000.

"ஏன் தம்பி, குறையிற கணக்கு எப்படி ஏறுது?"

"மாடி வாடகைக்கா. சும்மா இருக்கிற மாடின்னா பரவால்ல, நீ வியாபாரம் பண்றே. தண்ணி வேற. அப்புறம் ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு ஒண்ணு கணக்குல விட்டுப்போச்சு, இப்பத்தான் கிடைச்சுது."

"என் செடி குடிச்ச தண்ணிக்கு இத்தனை ஆயிரமா? ஆனையா கட்டி வெச்சிருக்கேன்?"

கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் எழுதினதை அழிக்கவில்லை. "கணக்குன்னா கணக்குதான்க்கா. மாசாமாசம் வாடகையும் தண்ணிக் காசும் குடுத்துடு, இதுக்கு மேல ஏத்த மாட்டேன்."

அன்றிலிருந்து கத்திரி அவனுக்கு வாடகையும் தண்ணீர்க் காசும் மட்டும் கொடுத்தாள். இலை போகவில்லை, மாஸ்டர் விலையைக் குறைத்துவிட்டார் என்று அழுத முகம் காட்டினாள். மீதிப் பணத்தை மாஸ்டரிடமே விட்டுவைத்தாள். ரத்தத்தை நம்பாமல் அடுப்படிக்காரனை நம்பினாள். மாஸ்டரும் தாளில் தேதி போட்டு எழுதி வைத்தார். ஓட்டல் பின்கட்டில் வெயில் விழுகிற சுவரோரம் பதினாறு டிரம் வைத்துக்கொள்ளவும் அவர்தான் இடம் கொடுத்தார். அவற்றிலும் பேசில் புதராக மண்டியது. தம்பிக்கு அது தெரியாது.

தீர்க்க முப்பத்தாறாயிரம் வேண்டும். மாஸ்டரிடம் இருபத்தோராயிரம் சேர்ந்திருந்த நேரத்தில் கத்திரிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. மாடிப்படி அந்த வீட்டுக்குக் குழாய் மாதிரி. கீழே பேசுவதெல்லாம் மேலே வந்து விழும். மூன்றாம் நாள் மதியம் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் பேசியது வந்து விழுந்தது.

"மாஸ்டர் கடைக்கு வந்தாரு. நாளைக்கு ஓட்டல்ல பெரிய விருந்தாம். எட்டு கிலோ தழை வேணுமாம். அக்காகிட்ட சொல்லுங்கன்னாரு. அவளுக்கு முடியல, இனிமே நாங்களே குடுக்குறோம்னு சொல்லி நான் முன்பணம் வாங்கிட்டேன்."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சு? மாடி யாருது? தண்ணி யாருது? நாளைக்கு ஓட்டல் முதலாளி மனசு குளிரணும். முப்பது கண்ணாடிக் கதவு ஆர்டரு, நமக்குத்தான்னு சொல்லிட்டாரு. நான் கண்ணாடிக் கம்பெனியில கடனுக்கு எடுத்து அளவா அறுத்தே வெச்சுட்டேன். தழைக் காசை அவ கணக்குல கழிக்க மாட்டேன்."

"பாவங்க. கொஞ்சமாவது கழிங்களேன்."

"பாவமா? அவ கடன் தீந்தா சமையலுக்கு ஆள் யாரு? துணிக்கு யாரு? சம்பளம் உங்கப்பன் குடுப்பானா? அது தீரக் கூடாதுடி. போக இடமிருந்தா இத்தனை நாள் இங்க ஏன் கிடக்கப்போறா?"

கத்திரி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். தம்பிக்கு ஆறு வயதில் அம்மை போட்டபோது வேப்பிலை விசிறினவள் அவள்தான். அதை அவள் அப்போது நினைக்கவில்லை. நினைக்கிற அளவுக்கு நல்லவளும் இல்லை. எவ்வளவு பெரிய கல்லை விழுங்கியிருந்தோம் என்று மட்டும் நினைத்தாள்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி காய் நறுக்கும் கத்தியும் பெரிய கூடையுமாக மாடிக்கு வந்தாள். தகர அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. புருஷன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள், அவ்வளவுதான்.

"அண்ணி, இப்ப எப்படி இருக்கு?"

"சாகலம்மா. என்ன கூடையும் கத்தியுமா?"

"மாஸ்டர் கொஞ்சம் இலை கேட்டாருன்னு அவர் வெட்டச் சொன்னாரு. உங்களுக்கு முடியலையேன்னு..." அவள் கண் தரையைப் பார்த்தது. "எப்படி வெட்டணும்? விருந்து நாளைக்குத்தானே, அது வரைக்கும் எங்க வைக்கிறது?"

நாலே வார்த்தை போதும். மேலாக வெட்டு, கழுவாதே, குளிரில் வைக்காதே, தண்ணீரில் நிறுத்து. நாற்பத்துமூன்று பக்கெட். இரண்டு வருஷம். ஒவ்வொன்றின் கிளையும் அவள் கையால் கிள்ளிக் கிளைத்தது. எந்தப் பக்கெட்டில் பூச்சி வந்தது, எதை வெயில் அடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கத்திரி கழுத்துக் கயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"இதுக்கெல்லாம் யோசனை கேப்பாங்களாம்மா? வீட்டுல கீரையை எப்படி அறுப்பே? எப்படி வைப்பே? அப்படியே வை."

"அடியோட அறுத்து, அலசி, ஈரத்துணி சுத்தி ப்ரிட்ஜ்ல வைப்பேன்."

"கைகாரி. உனக்கா தெரியாது?"

சுவருக்குப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். வெளியே கத்தி தண்டில் விழுகிற சத்தம் கேட்டது. நறுக், நறுக் என்று, ஒவ்வொரு பக்கெட்டாக. கத்திரி எண்ணினாள். நாற்பத்துமூன்று முடிகிற வரைக்கும் எண்ணினாள். பச்சை வாசனை தகர அறைக்குள் வந்து மூக்கில் ஏறியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை காய்ச்சலோடு எழுந்து, கீழே யாரிடமும் சொல்லாமல் ஓட்டல் பின்கட்டுக்குப் போனாள். கவிழ்த்த பக்கெட் ஒன்றின் மேல் தன் பதினாறு டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தாள். பத்து மணிக்குத் தம்பியும் பெண்டாட்டியும் இரண்டு கூடையைச் சுமந்துகொண்டு முன்வாசலில் வந்து இறங்கினார்கள். முதலாளி, மாஸ்டர் எல்லோரும் நிற்க ஈரத்துணியைப் பிரித்தார்கள். எட்டு கிலோவும் தார் பூசின மாதிரி கறுத்துக் குழைந்து கிடந்தது. தொட்டால் கையில் ஒட்டியது.

முதலாளி கத்தினது பின்கட்டு வரைக்கும் கேட்டது. "தழையைக் கூட ஒழுங்காக் குடுக்கத் தெரியாதவன் கதவு மாட்டப் போறானாம்! முப்பது கதவும் என் விருந்தாளி தலையில விழறதுக்கா? ஆர்டரும் கிடையாது, மண்ணும் கிடையாது. வெளியே போ!"

அதற்குப் பின்னால் பளாரென்று ஒரு சத்தம். அடித்தது முதலாளி இல்லை, தம்பி. வாங்கினது அவன் பெண்டாட்டி. கத்திரி எழுந்திருக்கவில்லை.

சற்று நேரத்தில் மாஸ்டர் வேர்த்து வழியப் பின்கட்டுக்கு ஓடி வந்தார். டிரம்களைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"கை வைக்காதீங்க மாஸ்டர். விலை பேசிட்டு வெட்டுங்க."

"அக்கா! நல்லவேளை நீ இருந்தே. என்ன விலை புதுசா? எப்பவும் போல..."

"சிக்கனமா வெட்டினா இதுல அஞ்சு கிலோ தேறும். கிலோ மூவாயிரம்."

மாஸ்டர் நிமிர்ந்தார். "என்னக்கா, கழுத்தை அறுக்குறே?"

"என் கழுத்துல தொங்குறதே கத்திரிக்கோல்தான் மாஸ்டர். பதினஞ்சாயிரம். நானே வெட்டித் தரேன், ஒரு இலை வீணாகாது."

உள்ளே முந்நூறு பேருக்கு இலை போட்டாயிற்று. அவருக்கு வேறு வழியில்லை. அவள் வெட்ட வெட்ட அவர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதியில் மெதுவாகக் கேட்டார்.

"குளிர்ல வெச்சாக் கருகும்னு அந்தப் பொண்ணுகிட்ட நீ சொல்லலியா?"

"கேட்டா. கீரை மாதிரி வைன்னேன்."

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அடுப்படியில் முப்பது வருஷம் வெந்த மனிதர். அவருக்கே பார்க்க முடியவில்லை. உள்ளே போய், தாளில் எழுதிவைத்த இருபத்தோராயிரத்தையும் இந்தப் பதினைந்தையும் சேர்த்துக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"சரியா இருக்கா பாத்துக்க. என் கைக்காசு இதுல பன்னெண்டாயிரம் போச்சு. முதலாளி பழைய விலைதான் தந்தாரு. டிரம்மை எல்லாம் இன்னைக்கே எடுத்துடு அக்கா. இனிமே இந்தப் பக்கம் வராதே."

"மாஸ்டர்..."

"உன்னை நம்பி நான் சீட்டு எழுதி வெச்சேன். நீ என்னை அறுத்துட்டே. போ."

உலகத்தில் அவளுக்குக் கடன் எழுதாத ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் பன்னிரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் கை மடியை விட்டு வரவில்லை. சைக்கிள் ரிப்பேர்க் கடை மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். வாடகைக்கு முன்பணம் வேண்டாம் என்று சொன்ன ஒரே இடம் அது. ஒரு தட்டு வண்டியில் டிரம்களை ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் தம்பி வீட்டுக்குத் துணிமணியை எடுக்கப் போனாள். மாடியில் நாற்பத்துமூன்று பக்கெட்டிலும் காய்ந்த குச்சி நின்றது. ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. படியில் தம்பி பெண்டாட்டி நின்றாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"அண்ணி, தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"நீ கேட்டே. சொன்னேன்."

"அவரு அடிப்பாருன்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

கத்திரி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளைத் தாண்டி இறங்கினாள்.

கடையில் கண்ணாடிக் கம்பெனி வசூல்காரன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். சுவரெல்லாம் சாய்த்து வைத்த முப்பது கதவு, ஓட்டல் அளவுக்கு அறுத்தவை. வேறு எந்த வாசலுக்கும் பொருந்தாது. அறுத்த கண்ணாடியை வாங்குகிறவனும் இல்லை, திருப்பி எடுக்கிறவனும் இல்லை. தம்பி அவளைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தான். முகம் ஒரு பிடி ஆகியிருந்தது.

"அக்கா, நல்ல சமயத்துல வந்தே. மாஸ்டர் உனக்கு மொத்தமா குடுத்தாராமே? இவனுக்கு இன்னைக்கு எண்பதாயிரம் வெக்கலன்னா கடைக்குப் பூட்டுப் போட்டுருவான். இருக்கிறதைக் குடு. இன்னும் ஒரு முப்பது எங்கயாவது புரட்டித் தா. அப்புறம் பாத்துக்கலாம், நமக்குள்ள என்ன கணக்கு?"

"நான் எவ்வளவு தரணும் தம்பி?"

"அது கிடக்கட்டும்க்கா."

"கண்ணாடியில போட்டிருக்கியே. வாய்விட்டுப் படி. அவரும் கேக்கட்டும்."

வசூல்காரன் திரும்பிப் பார்த்தான். தம்பி கண்ணாடிப் பக்கம் திரும்பினான். "முப்பத்தாறாயிரம்."

"கையை நீட்டு."

"மேஜையில வை அக்கா. எண்ணிக்கலாம்."

"மேஜைக்கு நான் கடன் படலை. நீட்டு."

நீட்டினான். கத்திரி மூட்டையைக் கீழே வைத்து, மடியிலிருந்து பணத்தை எடுத்தாள். பெரிய நோட்டாக மாற்றித் தர வந்த சைக்கிள் கடைக்காரனை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். எல்லாம் நூறு. "ஒண்ணு" என்று ஒரு நோட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "ரெண்டு." எச்சில் தொட்டு மூன்றாவதைப் பிரித்தாள். கண்ணாடி வாங்க வந்த ஒருத்தி உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். ஐம்பதில் தம்பி முழங்கை இறங்கியது. "நேரா வை" என்றாள். நூறில் வசூல்காரன் ஸ்டூலை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டுகளின் மேல் கண்ணை வைத்தான். இருநூற்றுப் பத்தில் நோட்டு ஓரமாகச் சரியத் தொடங்கியது. ஒரு கை போதவில்லை. தம்பி இன்னொரு கையையும் சேர்த்து ஏந்தினான். அவள் அவசரப்படவில்லை. முந்நூற்று ஐம்பத்தொன்பதை வைத்து, ஒட்டியிருக்கிறதா என்று கடைசி நோட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, அவன் ஏந்தின இரண்டு கைகளின் நடுவில் முந்நூற்று அறுபதாவதை வைத்தாள்.